கருப்பாக்குறது வேற, சரி பண்றது வேற

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நம்ம பேப்பரோட வண்டிப் பக்கத்துல, வெயில்ல வெளுத்துப்போன பம்பர், மட்கார்டு, சைடு மிரர் கவர் இதையெல்லாம் புதுசு மாதிரி ஆக்கறதுக்கு ஒரு குறிப்பு வந்திருந்துச்சு, துணியில கொஞ்சம் எண்ணெயைத் தொட்டு தேய்ச்சா போதும் பழைய கருப்பு அப்படியே திரும்பி வந்துடும்னு. தேய்ச்சா கருப்பாகும், அதுல பொய் ஒண்ணும் இல்ல. ஆனா எத்தனை நாளைக்கு நிக்கும்னு அதுல ஒரு வார்த்தை இல்ல, பிளாஸ்டிக் ஏன் வெளுக்குதுன்னும் இல்ல, எங்கெல்லாம் தடவக்கூடாதுன்னு சுத்தமா இல்ல. நான் பிளாஸ்டிக் மோல்டிங் வேலையில இருக்கறவன், இந்த மாதிரி பார்ட்ஸ் அச்சுல இருந்து வெளிய வர்றத தினமும் பாக்கறவன், அதனால கை சும்மா இருக்கல. கொஞ்சம் நீளமாப் போகும், எடத்துக்கு ஏத்த மாதிரி நீங்களே வெட்டிக்கோங்க.

முதல்ல இது என்ன பொருள்னு சொல்லிடறேன். வண்டியில பெயிண்ட் அடிக்காம சொரசொரன்னு கருப்பா விட்டிருக்காங்களே, பம்பரோட அடிப்பக்கம், வீல் ஆர்ச், கதவுக்கு கீழ ஓடற பட்டை, வைப்பருக்கு அடியில இருக்கற கவர், இதெல்லாம் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன். வெறும் பாலிபுரோப்பிலீன் குளிர்ல அடி வாங்கினா உடையும்னு அதுல இபிடிஎம்னு ஒரு ரப்பரைக் கலப்பாங்க, விறைப்பா நிக்கறதுக்கு டால்க் பவுடர் சேர்ப்பாங்க, கருப்புக்கு கார்பன் பிளாக் போடுவாங்க, கூடவே வெயில் தாங்கறதுக்கு ஸ்டெபிலைசர்னு ஒரு மருந்து கொஞ்சமா. பார்ட்டைக் கழட்டி பின்னாடி திருப்பிப் பாத்தீங்கன்னா அச்சுலயே இங்கிலீஷ்ல பொறிச்சிருக்கும், பிபி பிளஸ் இபிடிஎம், டிடி 20ன்னு, பிபின்னா பாலிபுரோப்பிலீன், டிடி 20ன்னா டால்க் 20 சதவீதம். சில பார்ட்ல ஏபிஎஸ்னோ ஏஎஸ்ஏன்னோ இருக்கும், அதெல்லாம் வேற வகை பிளாஸ்டிக், மிரர் கவர், கிரில் மாதிரி பார்ட்ல அதை அதிகம் பாக்கலாம். இந்த எழுத்தை ஏன் பாக்கணும்னு பின்னாடி சொல்றேன், இது ரொம்ப முக்கியம்.

வெளுத்துப்போன பார்ட்டைப் பாத்து எல்லாரும் சொல்றது “சாயம் போயிடுச்சு”ன்னு. சாயம் எங்கயும் போகல. கார்பன் பிளாக் வெயிலுக்கு அசையற சரக்கே இல்ல, உலகத்துல இருக்கற கலர்லயே வெயிலை அதிகம் தாங்கறதுல அதுவும் ஒண்ணு. போனது அதைச் சுத்தி இருக்கற பிளாஸ்டிக். வெயில்ல இருக்கற யூவி கதிர் பாலிபுரோப்பிலீனோட நீளமான சங்கிலியைத் தாக்கும், அந்தச் சங்கிலியில வரிசையா ஒரு பலவீனமான எடம் இருக்கு, அங்க ஹைட்ரஜன் சட்டுனு கழண்டுக்கும், காத்துல இருக்கற ஆக்சிஜன் அந்த எடத்துல போய் உக்காரும், அப்படியே சங்கிலி துண்டு துண்டா அறுந்துக்கிட்டே போகும். ஸ்டெபிலைசர் இருக்கற வரைக்கும் அது இதைத் தடுத்துக்கிட்டே இருக்கும், ஆனா வருஷக்கணக்குல அதுவும் கரைஞ்சு குறையும். அப்புறம் மேல இருக்கற மெல்லிசான தோல் சுருங்கி கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விடும், உள்ள இருக்கற டால்க் மேல எட்டிப் பாக்கும். இந்த வெடிப்புலயும் பவுடர்லயும் வெளிச்சம் பட்டு நாலா பக்கமும் சிதறுது, அதான் நம்ம கண்ணுக்கு சாம்பலா தெரியுது. கருப்பு உள்ள அப்படியே இருக்கு, மேல படிஞ்ச சேதம் அதை மறைக்குது, அவ்ளோதான்.

இப்ப எண்ணெய் தடவினா என்ன ஆகுது? ஈரமான துணி காஞ்ச துணியை விட அடர்த்தியா தெரியுதுல்ல, அதே கதைதான். வெடிப்புக்குள்ள எண்ணெய் போய் நிறையும், வெளிச்சம் சிதறாது, கருப்பு தெரியும். எண்ணெய் வழிஞ்சோ காஞ்சோ மழையில போயோ தொலைஞ்சா பழையபடி சாம்பல். இதுல ஒரு வெடிப்பு கூட மூடல, அறுந்த சங்கிலி ஒண்ணு கூட ஒட்டல. அதான் தலைப்புல அப்படி எழுதினேன்.

அதனால என்ன தடவலாம்னு கேக்கறதுக்கு முன்னாடி எதனால வெள்ளையா இருக்குன்னு பாக்கணும். ஏன்னா எல்லா வெள்ளையும் வெயில் வேலை இல்ல. பெயிண்ட்டுக்கு வேக்ஸ் பாலிஷ் போடறப்ப பக்கத்துல இருக்கற சொரசொர பிளாஸ்டிக்லயும் பட்டு அந்தக் குழிக்குள்ள காஞ்சு வெள்ளையா நிக்கும், இது பெயிண்ட்டும் பிளாஸ்டிக்கும் சேர்ற ஓரத்துல கோடு மாதிரி இருக்கும், பாத்தாலே தெரியும். இதை வெயில்ல வெளுத்ததுன்னு நெனச்சு டிரெஸ்ஸிங்னு கடையில விக்கற மினுக்கு எண்ணெயை மேல மேல தடவித் தள்ளறவங்க நெறைய பேரு. ஸ்கூல் பிள்ளைங்க வெச்சிருக்கற ரப்பரை எடுத்து அந்த எடத்துல அழிச்சுப் பாருங்க, வேக்ஸ்னா கழண்டு வந்துடும், செலவே இல்ல. இன்னொண்ணு உப்புத் தண்ணிக் கறை, தண்ணி வழிஞ்சு நின்ன எடத்துல திட்டுத்திட்டா இருக்கும், தண்ணி நெறைய கலந்த வினிகரை வெச்சு துடைச்சுட்டு நல்ல தண்ணியில கழுவினா போயிடும். மூணாவதுதான் நெஜமான வெயில் வெளுப்பு, அது மேல்பாத்த பக்கமா பரவலா இருக்கும், நெழல்ல இருக்கற அடிப்பக்கம் கருப்பாவே இருக்கும், ரொம்ப முத்திப்போச்சுன்னா காஞ்ச விரலை வெச்சு தேய்ச்சா விரல்ல சாம்பல் பவுடர் ஒட்டும். தண்ணி ஊத்தினா கருப்பாகி காஞ்சதும் திரும்ப சாம்பலாகும்.

வெயில் வெளுப்புதான்னு முடிவாயிடுச்சுன்னா அடுத்த வேலை கழுவறது, இதுலதான் முக்கால்வாசி வேலை இருக்கு, இதைத்தான் யாரும் செய்யறது இல்ல. பழைய டிரெஸ்ஸிங், எண்ணெய், தூசி எல்லாம் அந்த சொரசொரப்புக்குள்ள வருஷக்கணக்குல இறுகிப்போய் கெடக்கும், சும்மா ஷாம்பு போட்டு ஸ்பாஞ்சுல தடவினா மேலோட்டமா போகுமே தவிர குழிக்குள்ள போகாது. எண்ணெய்ப்பசை எடுக்கற கிளீனரை டப்பாவுல போட்டிருக்கற அளவுக்கு தண்ணி கலந்து மெதுவான பிரஷ்ஷால தேய்க்கணும், நுரை அழுக்குக் கலர்ல வரும், கழுவிட்டு திரும்பத் தேய்க்கணும், நுரை வெள்ளையா வர்ற வரைக்கும் விடக்கூடாது. பக்கத்துல இருக்கற பெயிண்ட் மேல கிளீனர் காய விடாதீங்க. அப்புறம் நல்லா காய விட்டு, கடைசியா ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் துணியில தொட்டு ஒரு தடவை துடைச்சுடுங்க, மிச்சம் மீதி எண்ணெய்ப்பசை போயிடும். ஜாயின்ட்டுக்குள்ள தண்ணி நிக்கும், அது பின்னாடி மெதுவா வழிஞ்சு நீங்க போட்டதை எல்லாம் கெடுக்கும், அதனால அவசரப்படாதீங்க. பெட்ரோல், தின்னர் வெச்சு துடைக்கற பழக்கம் இருந்தா தயவு செஞ்சு விட்டுடுங்க, பாலிபுரோப்பிலீன் தின்னரைக் கொஞ்சம் தாங்கும், ஏபிஎஸ் தாங்காது, மேல்தோல் கரைஞ்சு பிசுபிசுன்னு ஆகிடும், ஹெட்லைட் மேல பட்டா கண்ணாடி மாதிரி இருக்கற அந்த பாலிகார்பனேட்ல வெடிப்பு விடும். பின்னாடி பொறிச்சிருக்கற எழுத்தைப் பாக்கச் சொன்னது இதுக்கும்தான்.

டீசலைப் பத்தி தனியா சொல்லணும். துணியில டீசல் தொட்டு கருப்பு பிளாஸ்டிக்கையும், கதவைச் சுத்தி ஓடற பீடிங் பட்டையையும் சேர்த்து ஒரே இழுப்பா துடைக்கறது பல பேருக்கு பழக்கம், பளபளன்னு ஆகுதுல்லன்னு கேப்பாங்க. கதவு பீடிங் பெரும்பாலும் இபிடிஎம் ரப்பர், அது வெயிலையும் மழையையும் அருமையா தாங்கும், ஆனா பெட்ரோலியம் எண்ணெய் பட்டா உறிஞ்சி ஊதிப்போகும். டீசல், கிரீஸ், பெட்ரோலியம் ஜெல்லி எல்லாத்துக்கும் இதே கதைதான். ஊதின பீடிங் தொளதொளன்னு ஆகி ஷேப் போயிடும், அப்புறம் கதவு சரியா உக்காராது, மழைத்தண்ணி உள்ள வரும், காத்து சத்தம் கேக்கும். பம்பர்லயும் அதே ரப்பர்தான் கலந்திருக்குன்னு முன்னாடியே சொன்னேன். ரப்பர் பீடிங்குக்கு சிலிக்கான் அடிப்படையில வர்றதைப் போடுங்க, அது ஒண்ணும் பண்ணாது.

சமையல் எண்ணெய் வகையறாவுக்கு வர்றேன், உங்க குறிப்புல வெறும் எண்ணெய்னு பாத்தவங்க கை போறது இதுக்குத்தான். இது காயாம பிசுக்கா அப்படியே இருக்கும், ரோட்டுல இருக்கற தூசி எல்லாம் வந்து ஒட்டும், கொஞ்ச நாள்ல சிக்குப் புடிச்சு கோந்து மாதிரி ஆகி அதை எடுக்கறதே தனி வேலையாகும். ஆளிவிதை எண்ணெய் வேற ரகம், அது காத்துல இருக்கற ஆக்சிஜனோட சேர்ந்து நெஜமாவே இறுகி ஒரு படலமா நிக்கும், மத்த எண்ணெயை விட நாள் தாங்கும், அதனால சில பேரு அதைப் போடச் சொல்றாங்க. ஆனா அது காயறப்ப சூடு வெளிய விடும். தொடச்ச துணியை உருட்டி மூலையில போட்டீங்கன்னா அந்த சூடு வெளிய போக வழியில்லாம ஏறிக்கிட்டே போய் தானாவே தீப்பிடிக்கும், பக்கத்துல தீக்குச்சியே வேண்டாம். இது பயமுறுத்தறதுக்கு சொல்றது இல்ல, மரவேலை பண்றவங்களைக் கேட்டா சொல்வாங்க. அந்த எண்ணெயைத் தொட்டீங்கன்னா துணியை வெளிய விரிச்சு காயப் போடுங்க, இல்லன்னா தண்ணியில நனைச்சு மூடி போட்ட தகர டப்பாவுல போடுங்க. எண்ணெய் தடவுங்கன்னு பேப்பர்ல போடறவங்க எந்த எண்ணெய்னும் இதையும் சேர்த்துப் போட்டிருக்கணும்ங்கறது என் வருத்தம்.

ஷூ பாலிஷ் பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல, மெழுகும் கருப்பும் கலந்தது, மழையில வழியும், சாஞ்சு நின்னா பேண்ட்ல ஒட்டும்.

கடையில விக்கற டிரெஸ்ஸிங்ல ரெண்டு வகை. பால் மாதிரி வெள்ளையா இருக்கறது தண்ணியில கலந்தது, கையில பிசுபிசுப்பு குறைவு, பளபளப்பும் அளவோட இருக்கும். கண்ணாடி மாதிரி தெளிவா வழவழன்னு இருக்கறது பெரும்பாலும் சால்வென்ட்ல கலந்தது, மினுமினுன்னு மின்னும், தூசியை இழுக்கும், சீக்கிரம் தீப்பிடிக்கற சமாச்சாரமும் கூட, அதனால மூடின ரூம்ல வெச்சு அடிக்கக்கூடாது. ரெண்டுலயும் முக்கிய சரக்கு பெரும்பாலும் சிலிக்கான் எண்ணெய்தான். அது கெடுதல் இல்ல, அடிக்கடி போடணும் அவ்ளோதான். எனக்குப் பிடிச்சது பால் வகை, அதுலயும் யூவி தடுப்பு சேர்த்திருக்கறதா பாத்து வாங்குங்க, ஏன்னா மினுக்கறது மட்டும்தான் வேலைன்னா அது பிளாஸ்டிக்கைக் காப்பாத்தாது. ஒரு விஷயம், வண்டிக்கு பெயிண்ட் அடிக்கக் குடுக்கப் போறீங்கன்னா சிலிக்கான் தடவினதை பெயின்டர் கிட்ட சொல்லிடுங்க. கொஞ்சம் சிலிக்கான் மிச்சம் இருந்தாலும் பெயிண்ட் அந்த எடத்துல ஒதுங்கி சின்னச் சின்ன வட்டமா குழி விழும், ஃபிஷ் ஐன்னு அவங்க சொல்றது அதைத்தான், அப்புறம் மொத்தத்தையும் தேய்ச்சு எடுத்துட்டு திரும்ப அடிக்கணும்.

நாள் நிக்கணும்னா டிரிம்முக்குன்னே, அதாவது இந்தக் கருப்பு பார்ட்ஸுக்குன்னே வர்ற கோட்டிங் இருக்கு, செராமிக்னு பேரு போட்டு விக்கறது, சிலிக்கா வகை ரெசின், காஞ்சதும் இறுகி வெடிப்பை நிரப்பி மேல ஒரு கெட்டியான படலமா நின்னுடும். நல்லா கழுவி எண்ணெய்ப்பசை சுத்தமா எடுத்த பார்ட்ல போட்டா மாசக்கணக்குல, சில சமயம் ஒரு வருஷத்துக்கு மேலயும் நிக்கும். அழுக்கு மேல போட்டா உரிஞ்சுதான் வரும், காசும் போச்சு. வெயில்ல சுட்டுக்கிட்டு இருக்கற பார்ட்ல போடாதீங்க, நெழல்ல வெச்சு கொஞ்சமா எடுத்து பரப்பி, மிச்சத்தை உடனே மைக்ரோஃபைபர் துணியால துடைச்சுடணும், இல்லன்னா அங்கங்க தடிப்பா காஞ்சு நிக்கும், அதை எடுக்கறது பெரிய தலைவலி. பெயிண்ட் ஓரத்துல மாஸ்கிங் டேப் ஒட்டிக்கோங்க. போட்டப்புறம் ஒரு நாளாவது தண்ணி படக்கூடாது, டப்பாவுல போட்டிருக்கற நேரத்தை அப்படியே ஃபாலோ பண்ணுங்க.

அடுத்து ஹீட் கன். வீடியோவுல பாத்திருப்பீங்க, சாம்பலா இருக்கற பம்பர் மேல சூடு காத்தை ஓட்டிக்கிட்டே போனா பின்னாடியே கருப்பு ஓடி வரும், பாக்க மாயாஜாலமா இருக்கும், உள்ள இருக்கற எண்ணெய் வெளிய வருதுன்னு விளக்கம் வேற சொல்வாங்க. அதுல பெரிய பங்கு எண்ணெய் இல்லீங்க, மேல்தோல் லேசா உருகி வெடிப்பு மூடிக்குது. பாலிபுரோப்பிலீன் உருகறது 160 டிகிரிக்குக் கொஞ்சம் மேல, ஹீட் கன்ல இருந்து வர்ற காத்து 500 டிகிரியைக்கூட தாண்டும், அப்போ கை எவ்ளோ வேகமா நகரணும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. ஒரு எடத்துல கொஞ்சம் நின்னாலும் அச்சுல போட்டு வெச்ச சொரசொரப்பு போய் வழவழன்னு ஒரு திட்டு விழும், அதை எந்த மருந்தும் சரி பண்ணாது, இன்னும் நின்னா பார்ட்டே வளைஞ்சுடும். ஏபிஎஸ் பார்ட்டா இருந்தா நூறு டிகிரி தாண்டினதுமே தொய்ய ஆரம்பிக்கும், அதனாலதான் பின்பக்க எழுத்தை முன்னாடியே பாக்கச் சொன்னேன். பக்கத்துல பெயிண்ட், கண்ணாடி, பார்க்கிங் சென்சார், ஸ்டிக்கர் இருந்தா அதெல்லாம் வேற கெடும். சூடு காட்டினதால தீர்ந்துபோன ஸ்டெபிலைசர் திரும்பி வராது, அதனால மேல ஒண்ணும் போடாம விட்டீங்கன்னா மறுபடி வெளுக்கும், ஒவ்வொரு தடவை உருக்கறப்பவும் அந்த டெக்ஸ்ச்சர் கொஞ்சம் கொஞ்சமா மழுங்கும். எப்படியும் மாத்தப்போற பார்ட்டுன்னா ஆசைக்கு செஞ்சு பாருங்க, அதையும் கண்ணுக்குத் தெரியாத அடி மூலையில முதல்ல. நல்லா ஓடிக்கிட்டு இருக்கற வண்டிக்கு நான் சொல்ல மாட்டேன்.

எமரி பேப்பர் போட்டு தேய்க்கறேன்னு கெளம்பறவங்களுக்கும் இதேதான், உள்ள இருக்கற கருப்பு வரும், சொரசொரப்பு போயிடும். அப்படித் தேய்க்கற அளவுக்கு கெட்டுப்போச்சுன்னா பெயிண்ட் அடிச்சுடறது மேல். ஆனா பாலிபுரோப்பிலீன் மேல எதுவும் லேசுல ஒட்டாது, அது பிறவிக் குணம், நேரா ஸ்ப்ரே அடிச்சா கொஞ்ச நாள்ல தோல் மாதிரி உரியும். அடிஷன் பிரமோட்டர்னு ஒரு பிரைமர் வரும், அதை மொதல்ல அடிச்சு அப்புறம் பிளாஸ்டிக்குக்குன்னு வர்ற வளையற பெயிண்ட்டை அடிக்கணும். கலர் பம்பருக்கு கம்பெனியிலயே தீ ஜுவாலை காட்டியோ இந்த மாதிரி பிரைமர் அடிச்சோதான் பெயிண்ட் போடறாங்க.

பழைய வண்டி வாங்கறவங்களுக்கு இதுல ஒரு பிரயோஜனம் இருக்கு. விக்கறதுக்கு முன்னாடி டிரெஸ்ஸிங் அடிச்சு பளபளன்னு நிறுத்தறது சகஜம், அது ஏமாத்துன்னு சொல்ல முடியாது, கல்யாணத்துக்குப் போறப்ப பவுடர் போடற மாதிரிதான். ஆனா வெள்ளைத் துணியை வெச்சு பம்பரை ஒரு இழு இழுத்துப் பாருங்க, எண்ணெய் ஒட்டினா அடியில என்ன இருக்குன்னு புரியும். அதை விட முக்கியம், எல்லா கருப்பு பார்ட்டும் ஒரே மாதிரி வெளுத்திருக்கான்னு பாருங்க. ஒரு பக்கம் முழுக்க வெளுத்து இன்னொரு பக்கம் பரவால்லன்னா வண்டி ஒரே திசையில வெயில்ல நின்னிருக்கு, அது சாதாரண விஷயம். ஆனா எல்லாம் வெளுத்திருக்க ஒரு வீல் ஆர்ச் மட்டும் புத்தம்புது கருப்புன்னா அந்தப் பக்கம் எதையோ மாத்தியிருக்காங்க, ஏன் மாத்தினீங்கன்னு கேளுங்க, ஆக்சிடென்ட்டான்னும் கேளுங்க.

வெளுக்காம பாத்துக்கறதுக்கு நெழல்தான் மருந்து. நெழல் இல்லாதவங்க வண்டியை ஒரே பக்கமா நிறுத்தாம அப்பப்ப திருப்பி நிறுத்துங்க, கவர் போடறதா இருந்தா தூசியைத் தட்டிக் கழுவிட்டுப் போடுங்க, இல்லன்னா காத்துல கவர் ஆடி பெயிண்ட்ல கீறல் விழும். வாட்டர் வாஷ் பண்றப்ப காட்டமான கெமிக்கலை அடிச்சு விட்டுட்டு வேற வேலைக்குப் போயிடாம பாத்துக்கோங்க. ஹெட்லைட் மஞ்சளாகறதும் வெயில்தான்னாலும் அது வேற பிளாஸ்டிக் வேற வைத்தியம், பம்பருக்குப் போடற டிரெஸ்ஸிங்கை அது மேல தேய்க்காதீங்க.

கடைசியா ஆசிரியர் கிட்ட ஒரு வேண்டுகோள். அந்தக் குறிப்பைப் படிச்சுட்டு இந்நேரம் யாராவது மிச்ச எண்ணெயை ஸ்கூட்டர் ஃபுட்போர்டுலயும், சீட்லயும், பைக் ஹேண்டில் கிரிப்லயும், ஏன் கார் பெடல்லயும் கூட தேய்ச்சிருப்பாங்க, அதுவும் கருப்புதானேன்னு. பிரேக் மிதிக்கறப்ப கால் வழுக்கினா என்ன ஆகும்னு நான் எழுதிக் காட்ட வேண்டியது இல்ல. ஸ்ப்ரே டிரெஸ்ஸிங்கா இருந்தா வீல் பக்கம் அடிக்கறப்ப பிரேக் டிஸ்க் மேல பட்டாலே பிடிப்பு போகும், துணியில அடிச்சு துடைக்கறதுதான் சரி, டயரோட ரோட்டைத் தொடற பாகத்துலயும் வேண்டாம். இந்தக் கடிதத்துல மத்ததையெல்லாம் வெட்டினாலும் இந்த ஒரு பாராவை மட்டும் அதே பக்கத்துல, அதே அளவு எழுத்துல போட்டுடுங்க.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்